வேலையை விட்டுட்டு மறுபடி கேட் எழுதலாமா, டான்செட்டில் கிடைக்கிறதை எடுக்கலாமா?

பவானிப்பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். பி.இ. மெக்கானிக்கல் முடிச்சுட்டு சென்னையில ஒரு ஐடி கம்பெனியில 2 வருஷமா டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். கையில வர்றது 27,000. நவம்பர்ல ஐஐஎம் மாதிரி மேலாண்மைக் கல்லூரிகள்ல எம்பிஏ சேர எழுதுற கேட் (CAT) தேர்வை எழுதினேன். மொத்தம் 91 பெர்சன்டைல், அதாவது எழுதினவங்கள்ல 91 சதவீதம் பேருக்கு மேல. வெர்பல் (இங்கிலீஷ்) 90, குவான்ட் (கணக்கு) 95, டிஐஎல்ஆர் (தரவு அட்டவணை, லாஜிக் புதிர்) மட்டும் 76. பொதுப் பிரிவுலதான் அப்ளை பண்ணியிருந்தேன். ஒரு ஐஐஎம்ல இருந்தும் அழைப்பு வரலை. அடுத்து தமிழ்நாட்டுக் காலேஜ்கள்ல எம்பிஏ சேர எழுதுற டான்செட் இருக்கு. அதை நல்லா எழுதி அண்ணா பல்கலைக்கழகத்துலயோ கோவை பிஎஸ்ஜியிலயோ சேர்ந்துடலாமா? இல்ல வேலையை விட்டுட்டு ஊருக்குப் போய் அடுத்த நவம்பருக்கு முழு நேரமா உட்காரலாமா? அப்பா ஜமக்காளத் தறி வச்சிருக்கார். தம்பி இன்னும் படிச்சுட்டு இருக்கான்.

நாற்பதுநிமிஷம்:
விட்டுட்டு உட்காருங்க. உங்க வெர்பலும் குவான்ட்டும் ஏற்கனவே நிக்குது, டிஐஎல்ஆர் ஒண்ணுதான் காலை வாரியிருக்கு. நானும் அதே இடத்துல மாட்டினவன். ஒவ்வொரு பகுதிக்கும் 40 நிமிஷம்தான், நேரம் முடிஞ்சா திரும்பிப் போக முடியாது. முதல் தடவை எழுதினப்போ, ஏழு பேரை வட்ட மேஜையில உட்கார வைக்கிற ஒரு செட்டுல 19 நிமிஷம் போச்சு. கடைசியில ரெண்டு பேருக்கு இடம் பொருந்தலை, நாலு கேள்வியும் அம்போ. அடுத்த வருஷம் முதல் 5 நிமிஷம் பேனாவையே தொடலை. எல்லா செட்டையும் படிச்சு, எதைத் தொடக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டுதான் ஆரம்பிச்சேன். அந்தக் கண் வர்றதுக்கு எனக்கு 35 மாக் டெஸ்ட் தேவைப்பட்டது. ராத்திரி 9 மணிக்கு ஆபீஸ்ல இருந்து வந்து அதைப் பண்ண முடியாதுங்க.

கடன்கணக்கு:
பேங்க்ல கல்விக்கடன் பிரிவுல 11 வருஷமா இருக்கேன் தங்கச்சி. தயவுசெய்து வேலையை விடாதீங்க. பெரிய ஐஐஎம்கள்ல ரெண்டு வருஷக் கட்டணமே 25 லட்சத்தைத் தொட்டுடுச்சு. 20 லட்சம் கடன்னு வச்சுக்குங்க. 10 சதவீத வட்டி, 10 வருஷத் தவணைன்னா மாசம் 26,430 ரூபா. கிட்டத்தட்ட இப்ப நீங்க வாங்குற மொத்த சம்பளம் அது. படிக்கிற காலத்துல தவணை கிடையாது, ஆனா வட்டி ஓடிக்கிட்டேதான் இருக்கும். அதையும் சேர்த்தா இன்னும் கூடும். அண்ணா பல்கலைக்கழகத்துல இதுல பத்துல ஒரு பங்குகூட ஆகாது. டான்செட் 100 கேள்வி, 2 மணி நேரம், ஒவ்வொரு தப்புக்கும் ஒரு மார்க்ல மூணுல ஒரு பங்கு போகும். குவான்ட்ல 95 எடுத்த பொண்ணுக்கு அது எட்டுற தூரம்தான். கோயம்புத்தூர் ஜிசிடி (அரசு தொழில்நுட்பக் கல்லூரி) நடத்துற கவுன்சிலிங்ல நல்ல இடமாப் பிடிச்சிடலாம்.

நாற்பதுநிமிஷம்:
அண்ணா, தவணைக் கணக்கு சரி. ஆனா அதை இன்னைக்கு வாங்குற சம்பளத்தோட வச்சு எப்படிப் பார்க்கிறீங்க? கட்டப்போறது எம்பிஏ முடிச்சு வர்ற சம்பளத்துல இருந்துதானே? ஐஐஎம் மாதிரி இடங்களுக்கு அடமானம் இல்லாமலே கடன் கொடுக்கிறாங்க, ஸ்டேட் பேங்க்ல அதுக்குன்னு ஸ்காலர் லோனே இருக்கு. டான்செட் கவுன்சிலிங்ல முதல் நாலஞ்சு இடம் நல்ல இடம், மறுக்கலை. அதைத் தாண்டினா கேம்பஸுக்கு வர்ற வேலையில பாதி, பிளஸ் டூ முடிச்சவங்களுக்கும் கொடுக்கிற சேல்ஸ் வேலை. என் சித்தப்பா பையன் அப்படித்தான் சேர்ந்து, முடிச்சதும் பழைய கம்பெனிக்கே திரும்பிப் போனான்.

கடன்கணக்கு:
“வர்ற சம்பளம்” எவ்வளவுன்னு யார் சொல்றது தம்பி? கடன் கேட்டு வர்ற பசங்க விளம்பரத் தாளைக் காட்டுவாங்க: “சராசரி 18 லட்சம்”. சராசரியைப் பார்க்காதே, மீடியனை, அதாவது வரிசையில நடுவுல வர்ற ஆளோட சம்பளத்தைக் கேளுன்னு நான் ஒவ்வொருத்தருக்கும் சொல்றேன். நாலு பேருக்கு 60 லட்சம் கிடைச்சா சராசரி ஏறிடும், நடுவுல நிக்கிற பையனுக்கு அது ஒண்ணும் பண்ணாது. அந்த 18லயும் ஜாயினிங் போனஸ், இன்சென்டிவ் எல்லாம் கழிச்சா கையில என்ன வரும்? எத்தனை பேர் பிளேஸ்மென்ட்ல கலந்துக்கிட்டாங்க? ஆடிட் பண்ணின அறிக்கை வெளியிடுற காலேஜ்ல இதெல்லாம் தெரியும். வெளியிடாத இடத்துக்கு 15 லட்சம் கட்டிட்டு வந்த பெற்றோர் என் மேஜைக்கு எதிர்ல உட்கார்ந்து அழுததைப் பார்த்திருக்கேன். பெரிய பேரு வேணும்னா டெல்லி பல்கலைக்கழகத்தோட மேலாண்மைக் கல்லூரி எஃப்எம்எஸ் இருக்கு, ரெண்டு வருஷத்துக்கும் ரெண்டு மூணு லட்சத்துல முடியும்.

நாற்பதுநிமிஷம்:
எஃப்எம்எஸ்ஸுக்கும் கேட்ல நல்ல பெர்சன்டைல் வேணுமேண்ணா. அதுக்குத்தானே உட்காரச் சொல்றேன்.

நொய்யல்கரை:
ரெண்டு பேரும் ஒரு கேள்வியை விட்டுட்டீங்க. தங்கச்சி, ஏன் பொதுப் பிரிவுல போட்டீங்க? உங்க சாதி மத்திய அரசோட ஓபிசி (இதர பிற்படுத்தப்பட்டோர்) பட்டியல்ல இருக்கா? மாநில பிசி, எம்பிசி சான்றிதழ் இதுக்குச் செல்லாது. கிரீமி லேயர்ல (ஓபிசிக்குள்ள வசதியானவங்கன்னு ஒதுக்குற பிரிவு) வரலைன்னு காட்டுற மத்திய அரசுப் படிவ ஓபிசி சான்றிதழ் தனியா வாங்கணும். வருஷ வருமான வரம்பு 8 லட்சம்.

இது தெரியாம நான் பட்ட பாடு இருக்கே. இன்டர்வியூக்குப் போய் சான்றிதழ் சரிபார்க்கிற மேஜையில என் பச்சை லேமினேஷன் போட்ட பழைய ஜாதிச் சான்றிதழை நீட்டினேன். அவர் ஒரு நிமிஷம் பார்த்துட்டு, “இது உங்க மாநிலத்துக்குத்தாம்மா”ன்னு திருப்பிக் கொடுத்தார். பத்து நாள்ல சரியானதைக் கொண்டு வரேன்னு எழுதிக் கொடுத்துட்டு, இ-சேவை மையத்துக்கும் தாலுகா ஆபீசுக்கும் அம்மா அலைஞ்சாங்க.

பவானிப்பொண்ணு:
அக்கா, எங்க சாதி அந்தப் பட்டியல்ல இருக்கு, இப்பத்தான் பார்த்தேன். அப்பா வருமானம் 8 லட்சத்துக்குப் பக்கத்துலகூட வராது. எங்கிட்ட எம்பிசி சான்றிதழ் மட்டும்தான் இருந்துச்சு. அது செல்லாதுன்னு யாரோ சொன்னதால பொதுன்னு போட்டுட்டேன். இப்ப மாத்த முடியுமா?

நொய்யல்கரை:
அப்ளிகேஷன் கொடுத்தப்புறம் பிரிவை மாத்த விடமாட்டாங்கம்மா. இந்த வருஷம் போனது போனதுதான். ஆனா ஓபிசிக்கு 27 சதவீத இடம் இருக்கு, கட்-ஆஃபும் பொதுப் பிரிவைவிட நல்லாவே குறையும். ஜம்மு, சிர்மூர், புத்த கயா மாதிரி புது ஐஐஎம்களுக்கு இதே 91ஐ வச்சே அழைப்பை எதிர்பார்க்கலாம். அதுக்காக வேலையை விடணும்னு எனக்குத் தோணலை. பெங்களூர் ஐஐஎம்ல வேலை அனுபவத்துக்கும் மார்க் உண்டு. சனி ஞாயிறு டிஐஎல்ஆர் மட்டும் போடுங்க.

நாற்பதுநிமிஷம்:
அக்கா சொன்ன சான்றிதழ் விஷயத்தை ஒத்துக்கிறேன், எனக்குத் தோணவே இல்லை. ஆனா ஓபிசில 91க்கு புது ஐஐஎம்னா, 97க்கு லக்னோ, கோழிக்கோடுன்னு ஆசைப்படலாமே? கோழிக்கோட்டுல பெண்களுக்குத் தனியா மார்க்கும் சேர்க்கிறாங்க. முழுசா விட வேண்டாம், கடைசி ரெண்டு மாசமாவது லீவு போடுங்க.

கடன்கணக்கு:
லீவு வரைக்கும் வந்துட்டீங்க, சந்தோஷம் தம்பி. ஆனா டான்செட்டைக் கைவிடச் சொல்லாதீங்க. அண்ணா பல்கலைக்கழகத்துல இடம் கிடைச்சா நான் அதைத்தான் எடுக்கச் சொல்வேன். புது ஐஐஎம்னாலும் கட்டணம் லட்சக்கணக்குலதான்.

பவானிப்பொண்ணு:
ராஜினாமா மெயில் டிராஃப்ட்ல கிடந்துச்சு, அழிச்சுட்டேன். டான்செட் கண்டிப்பா எழுதுறேன். ரிசல்ட் வந்ததும் எந்தக் காலேஜ்னு மறுபடி இங்க வந்து கேட்கிறேன். சனிக்கிழமை பவானி போறேன், அப்பாவோட வருமானச் சான்றிதழை எடுத்துக்கிட்டு முதல்ல இ-சேவை மையம். அக்கா, வேற என்னென்ன பேப்பர் கேட்பாங்க?

நொய்யல்கரை:
ஆதார், குடும்ப அட்டை, பத்தாவது மார்க் ஷீட், உங்க சாதிச் சான்றிதழ், அப்பா அம்மா யாராவது ஒருத்தரோட சாதிச் சான்றிதழ். எல்லாத்துலயும் அப்பா பேர் இனிஷியலோட ஒரே மாதிரி இருக்கான்னு வீட்டுலயே பார்த்துட்டுப் போங்க. என்னுது அங்கதான் ஒரு வாரம் நின்னுச்சு.