பெயர் தெரியாத நாலு மாத்திரை

கம்பத்திலிருந்து குமுளி மலை ஏறுகிற ஜீப்பில் ஏலத்தோட்ட வேலைக்குப் பல வருசமாகப் போய் வருகிறார் அம்மா. காலை ஆறு மணிக்கு ஏறினால் இருட்டும் நேரத்தில்தான் வீடு. தோட்டத்தில் ஒதுங்க இடம் கிடையாது என்பதால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார். அப்புறம் நீர்க்கடுப்பு வராமல் இருக்குமா?

வந்தால், ஜீப் நிற்கும் இடத்துக்கு எதிரே உள்ள மெடிக்கல்தான். "என்னக்கா பண்ணுது?" "ஒண்ணுக்குப் போனா எரியுது தம்பி." அவ்வளவுதான் பேச்சு. அட்டையிலிருந்து நாலு மாத்திரையைக் கத்தரியால் வெட்டிக் கவரில் போட்டு, "காலைல ஒண்ணு, ராத்திரி ஒண்ணு" என்பார். இரண்டாம் நாளே எரிச்சல் நிற்கும். கூலியும் போகாது, டாக்டர் ஃபீஸும் இல்லை. இரண்டு தடவை நானே போய் வாங்கி வந்திருக்கிறேன்.

நாலாவது தடவை மாத்திரைக்கு எரிச்சல் நிற்கவில்லை. குளிர்க்காய்ச்சல், வாந்தி, இடுப்புக்கு மேலே முதுகில் வலி. தேனி பக்கம் க.விலக்கு பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். "இதுக்கு முன்னாடி என்ன மாத்திரை சாப்பிட்டாங்க?" என்றுதான் டாக்டரம்மா முதலில் கேட்டார். பையில் கிடந்த அட்டைத் துண்டை எடுத்துக் கொடுத்தேன். நாலு குழியும் காலி. பின்பக்க வெள்ளித் தாளில் அரைகுறை எழுத்து, ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு. மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் கடையிலிருந்த மீதித் துண்டோடு போய்விட்டன. டாக்டர் சீட்டு இல்லாமல் கொடுக்கக் கூடாத மருந்துக்குத்தான் அந்தக் கோடு என்று அவர் சொன்ன பிறகுதான் எனக்குத் தெரியும்.

சிறுநீரில் என்ன கிருமி, அதற்கு எந்த மருந்து கேட்கும் என்று பார்க்கும் கல்ச்சர் ரிப்போர்ட் வர மூன்று நாள் ஆனது. ஈ.கோலை என்ற கிருமியின் பெயர், அதற்குக் கீழே வரிசையாக மருந்துகள். எதிரே 'எஸ்' என்று இருந்தால் அந்த மருந்து கேட்கும், 'ஆர்' என்றால் கேட்காது. விழுங்கும் மாத்திரைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஆர். ஏழு நாள் ஊசி போட்டார்கள். ஏழு நாள் கூலியும் போயிற்று. அரைகுறையாகச் சாப்பிட்டால் எளிதில் சாகிற கிருமிகள்தான் சாகும், தாக்குப்பிடித்தவை தங்கிப் பெருகும் என்று டாக்டரம்மா பொறுமையாக விளக்கினார்.

கடைக்காரர் நல்ல மனிதர், கடனுக்கும் கொடுப்பார். ஆனாலும் அவர் கொடுத்தது தப்பு, நான் வாங்கியதும் தப்பு. உங்களுக்கு இப்படி நடந்திருக்கிறதா?

குமுளியிலிருந்து ஒருவர்:
2024 ஜனவரியில் ஆபரேஷன் அம்ருத் என்று, சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் (பாக்டீரியாக் கிருமியைக் கொல்லும் மருந்து) விற்கும் கடைகளைப் பிடிக்கக் கேரள மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை சோதனையில் இறங்கியது. அதிலிருந்து இந்தப் பக்கம் கெடுபிடிதான். பையனுக்குச் சளிக்காய்ச்சல் என்று வழக்கம்போல அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் கேட்டேன். "சீட்டு வேணும் சேச்சி" என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கோபத்தில், மலை இறங்கிக் கம்பத்தில் வாங்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன். பிறகு சுகாதார நிலையத்துக்குப் போனேன். தொண்டையைப் பார்த்துவிட்டு, இது வைரஸ் சளி, ஆன்டிபயாடிக் கேட்காது என்று பாராசிட்டமால் மட்டும் எழுதிக் கொடுத்தார்கள். நாலாம் நாள் பையன் பள்ளிக்கூடம் போய்விட்டான்.

கூடலூர் பக்கத்து ஃபார்மசிஸ்ட்:
சட்டம் மலைக்கு மேலேயும் கீழேயும் ஒன்றுதான். 2014 மார்ச்சிலிருந்து எச்1 பட்டியல் மருந்துகளுக்கு, அதாவது சீட்டோடு மட்டும் கண்காணித்து விற்க வேண்டிய மருந்துகளுக்கு, தனி ரெஜிஸ்டர் உண்டு. எழுதிய டாக்டர், நோயாளி, மருந்து, எண்ணிக்கை எல்லாம் குறித்து மூன்று வருசம் வைத்திருக்க வேண்டும். செஃபிக்ஸிம் என்ற ஆன்டிபயாடிக் அதில் வருகிறது. ஆனால் சாயங்காலம் ஜீப் வந்து நின்றதும் பத்துப் பேர் கை நீட்டுவார்கள். "பக்கத்துக் கடையில கேக்காம தர்றாங்களே" என்பார்கள். முதலாளி என் முகத்தைப் பார்ப்பார். நானும் கொடுத்திருக்கிறேன், இன்னும் உறுத்துகிறது. இப்போது கொடுப்பதில்லை. எரிச்சல் என்று வருகிறவர்களிடம் காய்ச்சல், முதுகுவலி, கர்ப்பம், சர்க்கரை இருக்கிறதா என்று கேட்பேன். ஒன்று இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வேன். மற்றவர்களுக்குச் சாயங்காலம் திறந்திருக்கும் கிளினிக்கின் நேரத்தை எழுதிக் கொடுக்கிறேன், கூலி போகக் கூடாதே.

பெயரும் தேதியும் கடைப்பக்கம் நிற்கும்படி வெட்டுவது எங்கள் பழக்கம், மீதியை விற்க அது வேண்டும். அதனால் எந்த மாத்திரை வாங்கினாலும் பில் கேளுங்கள். மருந்தின் பெயரும் பேட்ச் நம்பரும் அதில் இருக்கும்.

முதலில் எழுதியவர்:
நன்றி அண்ணே. பில் விஷயத்தை அம்மாவிடம் சொல்லிவிட்டேன். போன வாரம் ஜீப்பில் கூட வரும் அத்தைக்கு அதே எரிச்சல். எதிர்க்கடைக்குப் போகப் பார்த்தவரை அம்மாதான் கையைப் பிடித்து, கம்பம் கவர்ன்மென்ட் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். தன் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு போனார், அத்தைக்குக் காட்ட.