நின்ற தீட்டு திரும்பி வந்தபோது

செவிலியர், திண்டுக்கல் மாவட்டம்:

அரசு மருத்துவமனையில் 28 ஆண்டுகள் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கருப்பை வாய்ப் புற்றுநோய் முற்றிய நிலையில் வந்த பெண்களிடம் தொந்தரவு எப்படித் தொடங்கியது என்று கேட்டபோதெல்லாம், "உடம்புச் சூடு என்று நினைத்தேன்" என்ற பதிலைத்தான் பெரும்பாலும் கேட்டிருக்கிறேன். வெள்ளைப்படுவதும் சூடு, அடிவயிற்று வலியும் சூடு என்று வெந்தயத்தையும் இளநீரையும் நம்பியே ஆறேழு மாதங்கள் ஓடியிருக்கும். இந்த நோயில் வரும் நீர் சில நேரம் கறி கழுவிய தண்ணீர் போலச் சிவந்து, துர்நாற்றத்தோடு இருக்கும். ஆனால் அந்த நாற்றம் வரும் வேளையில் நோய் வளர்ந்துவிட்டிருக்கும். தொடக்கத்தில் எந்த அறிகுறியும் காட்டாமல் இருப்பதுதான் இதன் கொடுமை.

என்னால் மறக்க முடியாதவர் 58 வயதுக் களையெடுப்புத் தொழிலாளி ஒருவர். தீட்டு நின்று ஒன்பது ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடி ரத்தம் படத் தொடங்கியதும், பழைய சேலையைக் கிழித்துத் துணி வைத்துக்கொண்டு, அதை மருமகள் கண்ணில் படாமல் துவைத்து, உள்பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயவைத்திருக்கிறார். "பேரன் எடுத்த பிறகு இதைப் போய் யாரிடம் சொல்வது, சிஸ்டர்?" என்றார். இடது கால் வீங்கி, நடக்க முடியாமல் போன பிறகே வந்தார். கட்டி பக்கவாட்டில் இடுப்பெலும்புச் சுவர் வரை பரவிச் சிறுநீர்க் குழாய்களை நெரித்திருந்ததால், ஸ்கேனில் இரண்டு சிறுநீரகங்களும் வீங்கியிருந்தன. அது மூன்றாம் நிலை.

இதை நினைத்து நான் வருந்துவதற்குக் காரணம் உண்டு. எங்கள் மாவட்டத்திலேயே 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்கு, பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்துக் கண்ணாலேயே பார்க்கும் பரிசோதனை பெரிய அளவில் நடத்தப்பட்டது. மாறிய திசு, சுண்ணாம்பு தீற்றியது போல, விளிம்பு தெளிவாக வெளுத்துத் தெரியும். இந்தப் பரிசோதனை இந்த நோயால் நேரும் இறப்பை 35 சதவீதம் குறைத்ததாக 2007இல் வெளியான முடிவுகள் காட்டின.

மகள், மதுரை:

என் அம்மாவுக்கு அப்போது 44 வயது, மாதவிடாய் நிற்கவில்லை. கணவன் மனைவி உறவுக்குப் பிறகு ரத்தம் படுவதை அவர் தம் ஓர்ப்படியிடம் மட்டுமே சொல்லியிருந்தார். சித்தி வற்புறுத்தி அழைத்துச் சென்ற இடத்தில் மூன்று முறையும் கிருமித் தொற்று என்று மாத்திரை கொடுத்தார்களே தவிர, ஒருமுறைகூட உள்ளே பரிசோதிக்கவில்லை. நான்காவதாக வேறு ஊரில் சதைப் பரிசோதனை செய்தபோதுதான் அடினோகார்சினோமா என்ற வகைக் கருப்பை வாய்ப் புற்று என்று தெரிந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன், கருப்பை வாய் செல்களைச் சுரண்டி எடுத்துப் பார்க்கும் பாப் ஸ்மியர் பரிசோதனை நன்றாக இருந்ததே என்று கேட்டேன். இந்த வகை கருப்பை வாயின் உட்குழாய்க்குள் வளர்வதால் அந்தப் பரிசோதனையில் தப்பிவிடக்கூடும் என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். ஐந்து வாரங்கள் கரண்ட், அதாவது கதிர்வீச்சு வைத்தார்கள்; வாரம் ஒருமுறை சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்து, அதன்பின் உள்கதிர்வீச்சு. நான்கு ஆண்டுகளாக நலமாக இருக்கிறார். ஆனால், "ஒழுக்கமாக இருந்தவளுக்கு இந்த நோய் எப்படி வரும்?" என்று உறவினர் ஒருவர் கேட்டது இன்னும் அவரை உறுத்துகிறது.

செவிலியர், திண்டுக்கல் மாவட்டம்:

அம்மாவிடம் இதைச் சொல்லுங்கள், மகளே. இதற்குக் காரணமான ஹெச்.பி.வி. வைரஸ், மண வாழ்வில் ஒரே ஒருவரோடு இருந்தவருக்கும் தொற்றக்கூடியது. பெரும்பாலோருக்குத் தானாகவே நீங்கிவிடும். சிலருக்கு மட்டும் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றாக மாறும். அதில் 16, 18 ஆகிய இரு வகைகளே ஏறத்தாழ 70 சதவீத நோய்க்குக் காரணம். ஒழுக்கத்துக்கும் இதற்கும் முடிச்சுப் போடுவது பெரும் பாவம்.

அந்தக் களையெடுப்புத் தொழிலாளி முதல் நாள் என்னிடம் ரத்தம் படுவதே இல்லை என்றுதான் சாதித்தார். மறுநாள் படுக்கை விரிப்பு மாற்றும்போது, "துணி வைக்கிறீர்களா, அம்மா?" என்று கேட்டேன். "அது ஒரு வருஷமா வைக்கிறேன்" என்றார். அதற்குப் பிறகு எந்த அம்மாவிடமும் நான் ரத்தத்தைப் பற்றி முதலில் கேட்டதில்லை. துணியைப் பற்றித்தான் கேட்டேன்.