கோல்பேஸ் ஹோட்டல்: போனவர்கள், வாசலோடு திரும்பியவர்கள் எல்லாரும் எழுதுங்கள்

வெள்ளவத்தைக்காரி:
கொழும்பில் வளர்ந்த எங்களில் பலருக்கு அது வெளியே நின்று பார்த்த கட்டடம்தான். காலிமுகத்திடலில் பட்டம் விடுவோம், இறால் வடை சாப்பிடுவோம், உப்புக்காற்றில் முகம் பிசுபிசுக்க பஸ் ஏறுவோம். தெற்கு முனையில் அந்த ஹோட்டல் நிற்கும். உள்ளே போகலாமா என்று கேட்கக்கூட யாருக்கும் தோன்றியதில்லை. நான் உழைக்கத் தொடங்கிய பிறகுதான் அம்மாவை அங்கே தேநீருக்குக் கூட்டிப் போனேன்.

வாசலில் சாத்துக்குட்டன் நின்றார். வெள்ளைச் சீருடை, அதைவிட வெள்ளையாய் ஒரு பெரிய மீசை. கைகூப்பி வரவேற்றார். அம்மா பதறிப்போய்ச் செருப்பைக் கழற்றப் பார்த்தார். "வேண்டாம், வாங்கோ" என்பதுபோல் கையை உள்ளே காட்டினார் மனிதர். கேரளத்திலிருந்து இளவயதில் கப்பலேறி வந்தவர். 1942-இல் இந்த ஹோட்டலில் சேர்ந்து, 2014-இல் இறக்கும்வரை, தொண்ணூறு வயதைத் தாண்டியும் வேலை செய்தார். 1930களில் கொழும்பில் மலையாளிகளுக்கு எதிராகப் பெரிய கிளர்ச்சியே நடந்தது, பலர் ஊருக்கே திரும்பிவிட்டார்கள். அதற்குச் சற்றுப் பின்னால் வந்த ஒரு மலையாளி இந்த நகரத்தின் மிகப் புகழ்பெற்ற வாசலுக்கே முகமாகிப் போனது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான்.

பழங்கொழும்பு:
அக்கா, நல்ல தொடக்கம். சரித்திரத்தை நான் கொஞ்சம் சொல்கிறேன். திடலின் நடைபாதையை 1859-இல் தேசாதிபதி ஹென்றி வார்ட் அமைத்துக் கொடுத்தார். கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் இதைப் பேணுங்கள் என்று பின்வருவோரைக் கேட்கும் கல்வெட்டு அங்கே உண்டு. ஹோட்டல் 1864-இல் வந்தது; தொடங்கியவர்கள் நான்கு ஆங்கிலேயர். ஆனால் அந்த நாளில் பெரிய கப்பல்கள் காலித் துறைமுகத்துக்குத்தான் போகும். 1869-இல் சூயஸ் கால்வாய் திறந்தது, 1885-இல் கொழும்பின் அலைதாங்கிச் சுவர் முடிந்தது. அப்புறம் கப்பல்களெல்லாம் இங்கே திரும்பிவிட்டன. 1894-இல் ஹோட்டலைப் பெரிதாக்கிக் கட்டினார்கள். பிரித்தானியர் ரசனை என்று நாம் சொல்லிக்கொள்கிறோம். எனக்கென்றால் அது துறைமுகம் கட்டிய ஹோட்டல்.

சுவரில் பிரபல விருந்தினர் பெயர்ப் பலகைகளைப் பார்த்திருப்பீர்கள். யூரி ககாரின் பெயரும் உண்டு. எனக்கு அதைவிடப் பிடித்தது அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் தன் கடைசி ஒடிசி நாவலின் இறுதி அத்தியாயங்களை இங்கே இருந்து எழுதினார் என்பது. கொழும்பிலேயே வீடு வைத்திருந்த மனிதர், அறை எடுத்து எழுதியிருக்கிறார்!

ரொறன்ரோவிலிருந்து:
அண்ணை, காரை விட்டுவிட்டீர்கள். இளவரசர் பிலிப் இளம் கடற்படை அதிகாரியாக இலங்கையில் இருந்தபோது, 1940-இல் 12 பவுணுக்கு வாங்கிய 1935 ஸ்டாண்டர்ட் நைன் அங்கே காட்சிக்கு இருக்கிறது. என் மகன் பெரிய அரண்மனைக் காரை எதிர்பார்த்து வந்தான். "இவ்வளவுதானா அப்பா?" என்றான். சின்னக் கார்தான். காசில்லாத பொடியன் ஒருவன் பழைய கார் வாங்கின கதை அது, அதனாலேயே பார்க்க நன்றாக இருக்கிறது.

மருமகளின் கலியாண வரவேற்பும் அங்கேதான். தாலிகட்டு காலையில் பம்பலப்பிட்டி கதிரேசன் கோயிலில், விருந்து மாலையில் ஹோட்டலில். நாதஸ்வரக்காரர்கள் கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட முற்றத்தில் இருந்து வாசிக்கத் தொடங்கவும், கொடியிறக்கும் நேரம் வந்துவிட்டது. அங்கே தினமும் பொழுது சாயும்போது பேக்பைப் வாசித்துக் கொடியை இறக்குவார்கள். தவில்காரர் குச்சியைத் தவில்மேல் வைத்துவிட்டுக் காதைக் கொடுத்துக் கேட்டார். முடிந்ததும், "ஒத்து நல்லாத்தான் பிடிக்கிறான், தாளம்தான் இல்லை" என்றார். மேசையில் இருந்தவர்களெல்லாம் சிரித்துவிட்டார்கள். பேக்பைப்பிலும் நம் ஒத்துபோல ஒரே சுருதி விடாமல் ஓடுகிறதுதானே, அதைத்தான் அவர் சட்டென்று பிடித்துவிட்டார்.

மட்டக்களப்பான்:
நான் உள்ளே போனதே இல்லை. 2022-இல், ஜனாதிபதி கோட்டாபய பதவி விலக வேண்டுமென்று திடலின் வடக்கு முனையில் போட்டிருந்த போராட்டக் களமான கோட்டா கோ கமவுக்குப் போய் அங்கே இருந்த நூலகக் கூடாரத்தில் புத்தகம் அடுக்கினேன். மே 18 அன்று அங்கே, போரின் கடைசி நாட்களில் இறந்தவர்களின் நினைவாக முள்ளிவாய்க்கால் கஞ்சி கொடுத்தார்கள். அந்த முனையில் இருந்து பார்த்தால் இந்த முனையில் ஹோட்டல் விளக்குகள். எனக்கு அவ்வளவுதான் தெரியும். அடுத்த மாதம் கொழும்பு வருகிறேன். தங்காமல் தேநீருக்கு மட்டும் போக விடுவார்களா?

வெள்ளவத்தைக்காரி:
தாராளமாகப் போகலாம் தம்பி. வெரண்டாவில் கடல்பக்க மேசையாகக் கேளுங்கள். வார இறுதி என்றால் முதலே சொல்லி வையுங்கள். கேக்கை மேசையில் விட்டுவிட்டுப் படம் எடுக்க மட்டும் எழும்பிப் போய்விடாதீர்கள். அந்தக் காகங்களுக்கு எந்தப் பிரமுகரும் கணக்கில்லை.