ஸ்பிரிச்சுவல் கேர்: ‘பற்றுக்கோடு’ சரிவருமா?

வணக்கம். செவிலியப் படிவத்துக்கும் பாடநூலுக்கும் ‘ஸ்பிரிச்சுவல் கேர்’ (spiritual care) என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோமே, அதற்கு ‘ஆன்மிகப் பராமரிப்பு’ என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லோருக்கும் புரிகிறதே என்று கேட்டிருந்தீர்கள் ஐயா. புரிகிறது, ஆனால் தப்பாகப் புரிகிறது, அதுதான் சிக்கல். ஆன்மிகம் என்றாலே நமக்கு வழிபாடும் சொற்பொழிவும்தான். கடவுளே இல்லை என்பவர் படுத்திருந்தால், செவிலியர் படிவத்தில் அந்தக் கட்டத்துக்கு நேரே ‘பொருந்தாது’ என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுவார்.

செவிலியத்தில் இதன் பொருள் வேறு. இரவு இரண்டு மணிக்குச் சொட்டு மருந்து பாட்டிலை மாற்றப் போகிறீர்கள், நோயாளி தூங்காமல் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “இனி நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம் சிஸ்டர்?” என்கிறார். நாடி, ரத்த அழுத்தம் எல்லாம் சரியாக இருக்கிறது, வலி மருந்தும் கொடுத்தாயிற்று. அப்போது ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருகிறீர்களே, அதற்குத்தான் நமக்குப் பெயர் வேண்டும். 1967-இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸை (இறுதிக்கால நோயாளிகளைப் பேணும் இல்லம்) தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் (அவரும் முதலில் செவிலியர், பிறகுதான் மருத்துவர்) நோயாளி படும் வேதனை முழுவதையும் ‘மொத்த வலி’ (total pain) என்று விளக்கியபோது உடல், மனம், சமூகம் மூன்றோடு இதைத் தனியாகச் சேர்த்தார். ஆகவே ‘உளநலப் பேணல்’ அடிபட்டுப் போகிறது, அந்த இடத்தில் ஏற்கெனவே ஆள் இருக்கிறது. ‘அகநல’மும் அப்படியே.

எனக்கு முதலில் தோன்றியது ‘பிடிப்பு’. வாழ்க்கையில் ஒரு பிடிப்பே இல்லை என்கிறோமே, அச்சாக அதே பொருள். ஆனால் மருத்துவமனையில் போய் “பிடிப்பு இருக்கிறதா?” என்று கேட்டால் நோயாளி முதுகைக் காட்டுவார்!

அப்புறம்தான் ‘பற்றுக்கோடு’ வந்தது, பற்றிக்கொண்டு நிற்கும் துணை என்ற பொருளில். ஒருவருக்கு அது கடவுள், இன்னொருவருக்குப் பேத்தி, வேறொருவருக்குப் பாதியில் நிற்கும் ஒரு வேலை. ஸ்பிரிச்சுவல் கேர் ‘பற்றுக்கோட்டுப் பேணல்’. நோயாளியின் சிக்கல்களைச் செவிலியர் பெயரிட்டுக் குறிக்கும் நோயறிதல் பட்டியலில் 1978-இல் சேர்ந்த ஸ்பிரிச்சுவல் டிஸ்ட்ரெஸ் (spiritual distress, அந்தப் பிடிப்பு ஆட்டம் காணும் நிலை) ‘பற்றுக்கோட்டுத் தளர்வு’. வழிபாட்டுக்கு ஏற்பாடு செய்வது, சமயப் பெரியவரை அழைத்து வருவது போன்றவை ‘சமயப் பேணல்’ என்று இதற்குள் ஒரு பிரிவாக இருக்கட்டும்.

வாயில் நுழையவில்லை என்பீர்கள், சரிதான். ஆனால் நோயாளியிடம் யாரும் இந்தச் சொல்லைச் சொல்லப்போவதில்லை, “எதை நினைத்தால் கொஞ்சம் தெம்பாக இருக்கிறது?” என்றுதான் கேட்பார்கள். சொல் வேண்டியது படிவத்துக்கும் பாடநூலுக்கும்.

‘தளர்வு’ மட்டும் எனக்கே திருப்தியாக இல்லை, தசைத் தளர்வு குறுக்கே வருகிறது. ‘குலைவு’ என்றால் கடுமையாகிவிடுமோ?