ஈம் கிராமத்துப் பதிவேடு: எங்கள் குடும்பக் குழுவில்

நான்: எல்லோருக்கும் வணக்கம். நேற்று அலுவலகத் தோழியோடு அவளுடைய பாட்டி ஊருக்குப் போயிருந்தேன். ஷெஃபீல்டுக்குப் பக்கம், டெர்பிஷயர் மலைக் கிராமம். படங்கள் போட்டிருக்கிறேன்.

பெரியப்பா: ஊர்ப் பலகையை ஈயம் என்று படித்தேன். சரிதானா அம்மா?

நான்: அங்கே "ஈம்" என்றுதான் சொல்கிறார்கள் பெரியப்பா. ஆனால் ஒரு காலத்தில் அது ஈயச் சுரங்க ஊர்தான்!

அத்தை: பிளேக் வந்தபோது தங்களைத் தாங்களே அடைத்துக்கொண்ட ஊரா?

நான்: அதேதான் அத்தை. 1665 செப்டம்பரில் தையற்காரர் வீட்டில் இருந்த ஜார்ஜ் விக்கர்ஸ் முதலில் இறந்தார். லண்டனிலிருந்து வந்த துணியோடு நோயும் வந்ததாகச் சொல்கிறார்கள். அடுத்த கோடையில் பாதிரியார் வில்லியம் மாம்பெசனும், அவருக்கு முன்பு அங்கே பாதிரியாராக இருந்த தாமஸ் ஸ்டான்லியும் சேர்ந்து பேசி, யாரும் எல்லை தாண்டுவதில்லை என்று ஊரைச் சம்மதிக்க வைத்தார்கள். பக்கத்து ஊர்க்காரர்கள் எல்லையில் சாமான் வைத்துவிட்டுப் போவார்கள். அங்கே ஒரு கல்லில் குழிகள் இருக்கின்றன. நோய் ஒட்டாமலிருக்க ஈம்காரர்கள் அதில் வினிகர் ஊற்றி, சாமானுக்கான காசைப் போடுவார்களாம். அந்தக் குழியில் விரல் வைத்துப் பார்த்தேன், மனசு என்னவோ செய்தது.

அண்ணன்: ஊரில் 350 பேர், பிழைத்தது 83 பேர்தான் என்று எங்கோ படித்தேன்.

நான்: அது பழைய கணக்கு அண்ணா. இறந்தவர்கள் சுமார் 260 பேர், அது மாதாகோயில் பதிவேட்டிலிருந்து வருகிறது. ஆனால் 1664 அடுப்பு வரிப் பட்டியலை வைத்துப் பார்த்தவர்கள், ஊரில் 700 பேராவது இருந்திருப்பார்கள் என்கிறார்கள்.

பெரியப்பா: அடுப்புக்கு வரியா?!

நான்: ஆமாம், 1662இல் கொண்டுவந்தார்கள். ஒரு அடுப்புக்கு வருஷத்துக்கு 2 ஷில்லிங். குடும்பத் தலைவர் பெயரும் அடுப்பு எண்ணிக்கையும் எழுதிவைத்தார்கள். வரி கட்டியவர்கள் திட்டியிருப்பார்கள், இன்று முன்னோரைத் தேடுபவர்களுக்கு அது பொக்கிஷம்.

அக்கா: உன் தோழி தன் முன்னோரை எப்படித் தேடினாள்?

நான்: இன்றிலிருந்து பின்னோக்கிப் போனாள் அக்கா. 1837 வரை அரசாங்கச் சான்றிதழ்கள், 1841 வரை மக்கள்தொகைக் கணக்கு. அந்த 1841 கணக்கில் பெரியவர்கள் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதிவிட்டார்கள். அதனால் ஒரு தாத்தாவின் வயது இடித்து, இரண்டு மாதம் வேறு ஆளைத் துரத்தினாள். அதற்கும் முன்னால் போக மாதாகோயில் பதிவேடுதான். ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றையும் எழுதிவைக்க 1538இல் மன்னர் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் உத்தரவு போட்டார்.

அத்தை: பிளேக்கில் போனவர்களுக்கெல்லாம் கல்லறை இருக்கிறதா?

நான்: பெரும்பாலும் இல்லை அத்தை. மாம்பெசனின் மனைவி கேத்தரின் 1666 ஆகஸ்டில் இறந்தார், அவருக்கு மாதாகோயில் வளாகத்தில் கல்லறை உண்டு. மற்றவர்களை அவரவர் வீட்டார் தோட்டத்திலும் வயலிலும் புதைத்தார்கள். நிறையப் பேருக்குப் பதிவேட்டில் ஒரு வரிதான் மிச்சம். ஊருக்கு வெளியே ஒரு வயலில் ஏழு கற்களைச் சுற்றிச் சுவர் கட்டியிருக்கிறார்கள். எலிசபெத் ஹான்காக் என்ற அம்மாள் எட்டு நாளில் புருஷனையும் ஆறு பிள்ளைகளையும் தன் கையாலேயே புதைத்தாள். அங்கே நானும் தோழியும் ஒரு வார்த்தை பேசவில்லை.

அத்தை: ஐயோ, எட்டு நாளில் ஏழு பேரா? எந்த மாதம்?

நான்: 1666 ஆகஸ்ட் தொடக்கம். இப்போதும் ஒவ்வொரு வருஷமும் ஆகஸ்ட் கடைசி ஞாயிறு ஊரே கூடி நினைவு ஆராதனை நடத்துகிறது. இந்த வருஷம் நானும் போகிறேன்.

அத்தை: போய் வா கண்ணு. அந்த ஏழு பேர் பெயரையும் எனக்கு எழுதி அனுப்பு. அன்றைக்கு இங்கே விளக்கேற்றும்போது சொல்கிறேன்.

நான்: அப்பா ஜான். பிள்ளைகள் எலிசபெத், ஜான், ஓனர், வில்லியம், ஆலிஸ், ஆன்.