டிஎஸ்எச் நார்மல், டி4 குறைவு, சோர்வு மட்டும் போகவில்லை: உங்களுக்கு என்ன நடந்தது?

பல வருடங்களாக எனக்குத் தைராய்டுக்காக டிஎஸ்எச் என்ற ரத்தப் பரிசோதனை மட்டும்தான் எடுத்துக்கொண்டிருந்தார்கள். எப்போது எடுத்தாலும் 1.5, 2 என்று வரும். லேப் போட்டிருக்கும் ரேஞ்ச் 0.4 முதல் 4 வரை. "தைராய்டு நார்மல், டென்ஷனைக் குறைங்க" என்று அனுப்பிவிடுவார்கள். என் உடம்புக்குத்தான் அது நார்மல் என்று தெரியவில்லை. குளிர் தாங்காது, மலச்சிக்கல், தோல் வறண்டு போச்சு, எழுந்து நின்றால் தலை சுற்றும். மத்தியானத்துக்கு மேல் கையைத் தூக்குவதே வேலையாக இருக்கும்.

இதற்கெல்லாம் முன்னால் நடந்தது ஒன்று உண்டு. இரண்டாவது பிரசவத்தில் ரத்தப்போக்கு கட்டுக்கடங்காமல் போய், நிறைய ரத்தம் ஏற்றினார்கள். அந்தக் குழந்தைக்குத் தாய்ப்பால் சுரக்கவே இல்லை. அப்புறம் மாதவிடாயும் திரும்பி வரவில்லை. பால் சுரக்காததற்கு ஒரு டாக்டர், மாதவிடாய்க்கு இன்னொருவர், சோர்வுக்கு வேறொருவர் என்று பார்த்தோம். மூன்றையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

கடைசியில் ஒரு டாக்டர் ஃப்ரீ டி4ஐயும் சேர்த்து எழுதிக் கொடுத்தார். டி4 என்பதுதான் தைராய்டு சுரக்கும் ஹார்மோன், அதில் உடம்பு பயன்படுத்தக்கூடிய பங்கு ஃப்ரீ டி4. 0.5 வந்தது, அந்த லேபின் ரேஞ்ச் 0.8 முதல் 1.8. டிஎஸ்எச் வழக்கம்போல 1.9. லேப் தப்பாக இருக்கும் என்று மறுபடி கொடுத்துப் பார்த்தோம், அதேதான்.

அவர் விளக்கிய பிறகுதான் புரிந்தது. டிஎஸ்எச் என்பது தைராய்டு சுரப்பது இல்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி, தைராய்டைப் பார்த்து "இன்னும் சுர" என்று போடும் அதட்டல். ஹார்மோன் குறையக் குறைய அதட்டல் கூட வேண்டும். டி4 இவ்வளவு கீழே கிடக்கும்போது டிஎஸ்எச் 20, 30 என்று எகிறியிருக்க வேண்டும். 1.9 மட்டும் இருக்கிறதென்றால், கோளாறு தைராய்டில் இல்லை, அதட்ட வேண்டிய இடத்தில் இருக்கிறது. சென்ட்ரல் ஹைப்போதைராய்டிசம் என்கிறார்கள்.

உடனே தைராய்டு மாத்திரை தருவார் என்று நினைத்தேன். தரவில்லை, காலை 8 மணிக்குக் கார்டிசோல் எடுக்கச் சொன்னார். அது பிட்யூட்டரியின் தூண்டுதலில் அட்ரினல் சுரப்பி சுரக்கும் ஹார்மோன். பிட்யூட்டரி கெட்டிருந்தால் கார்டிசோலும் குறைந்திருக்கலாம். அந்த நிலையில் தைராய்டு மாத்திரையை முதலில் கொடுத்தால், மிச்சமிருக்கும் கார்டிசோலும் வேகமாகக் கரைந்து ரத்த அழுத்தம் படுத்துவிடும், உயிருக்கே ஆபத்து. எனக்கு அதுவும் குறைவாகவே இருந்தது. முதலில் கார்டிசோலுக்குப் பதிலாக ஹைட்ரோகார்டிசோன், அப்புறம்தான் தைராக்ஸின் என்ற தைராய்டு மாத்திரை. எம்ஆர்ஐயில் பிட்யூட்டரி சுருங்கிக் கிடந்தது. கர்ப்ப காலத்தில் அந்தச் சுரப்பி பெரிதாகிறது, ரத்தத் தேவையும் கூடுகிறது; பிரசவத்தில் ரத்தம் நிறையப் போனால் பட்டினியில் பட்டுப்போகிறது. ஷீஹான் சிண்ட்ரோம் என்று பெயர். ஹரோல்ட் ஷீஹான் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் 1937லேயே விரிவாக எழுதி வைத்த விஷயம் என்று தெரிந்தபோது கோபம்தான் வந்தது.

ஒரு விஷயம் மட்டும் சேர்த்துச் சொல்கிறேன். எங்களைப் போன்றவர்களுக்கு மாத்திரை அளவை டிஎஸ்எச் பார்த்து மாற்றக் கூடாது, ஃப்ரீ டி4 பார்த்துத்தான். மாத்திரை ஆரம்பித்ததும் என் டிஎஸ்எச் 0.05க்கு இறங்கியது. வேறு காரணத்துக்காகப் போன இடத்தில் ஒரு டாக்டர் அதைப் பார்த்துவிட்டு "டோஸ் அதிகம், பாதியாகக் குறையுங்கள்" என்றார். பழைய ரிப்போர்ட்டைக் காட்டிய பிறகுதான் விட்டார்.

டி4 குறைவு என்று வந்து காரணம் வேறாக இருந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

* * *

இருக்கிறேன் அக்கா. எனக்கும் டி4 குறைவு என்றுதான் வந்தது, ஆனால் கதை நேர் எதிர்.

வேலைக்குச் சேரும்போது எடுத்த முழு உடல் பரிசோதனையில் டி4 2.8. ரேஞ்ச் 5 முதல் 12. டிஎஸ்எச் நார்மல். சும்மா இருந்த எனக்குத் தைராய்டு மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். சாப்பிட ஆரம்பித்ததும் நெஞ்சு படபடப்பு, தூக்கமில்லை. இன்னொரு டாக்டரிடம் போனபோது அவர் ரிப்போர்ட்டில் ஒரு சொல்லைத்தான் தேடினார்: டோட்டலா, ஃப்ரீயா? எனக்கு எடுத்திருந்தது டோட்டல் டி4. ரத்தத்தில் டி4 பெரும்பாலும் புரதங்களைப் பிடித்துக்கொண்டுதான் ஓடுகிறது, உடம்பு பயன்படுத்திக்கொள்ளும் ஃப்ரீ டி4 அதில் மிகச் சிறு துளி. எனக்கு டிபிஜி என்கிற அந்தச் சுமக்கும் புரதம் பிறவியிலேயே குறைவு. சுமப்பவர் குறைவாக இருப்பதால் மொத்த எண் குறைந்து தெரிகிறது, ஃப்ரீ டி4 சரியாக இருக்கிறது. அம்மா வழியில் வருவது. தாய்மாமாவுக்கும் எடுத்துப் பார்த்தோம், அவருக்கும் அப்படியே. மருந்தே வேண்டாம், மாத்திரையை நிறுத்திவிட்டேன்.

கர்ப்பத்திலும் கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் இதே புரதம் கூடி டோட்டல் டி4 ஏறித் தெரியுமாம். அதனால் வெறும் "டி4" என்று போட்ட ரிப்போர்ட்டைப் பார்த்து யாரும் பதற வேண்டாம்.

* * *

சின்னதாக ஒன்று. முடி கொட்டுகிறதே என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனியுங்கள். சில லேப்களின் பரிசோதனை முறையே பயோட்டினை நம்பித்தான் நடக்கிறது. ரத்தத்தில் அது அதிகமாக இருந்தால் டிஎஸ்எச் குறைவாகவும் ஃப்ரீ டி4 அதிகமாகவும் பொய்யாகக் காட்டும். எனக்கு அப்படி வந்ததை நம்பி என் தைராய்டு மாத்திரையின் டோஸைக் குறைத்துவிட்டார்கள், இன்னும் மோசமாக முடி கொட்டியது! ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பாவது நிறுத்துங்கள். அதிக டோஸ் என்றால் இன்னும் முன்னதாகவே.

* * *

அப்பா நிமோனியாவில் ஐசியூவில் இருந்தபோது யாரோ தைராய்டு டெஸ்டும் சேர்த்து எழுதிவிட்டார்கள். தைராய்டின் இன்னொரு ஹார்மோனான டி3 அடிமட்டம், டிஎஸ்எச்சும் குறைவு. நான் பயந்து நடுங்க, ஐசியூ டாக்டர் "இது தைராய்டு நோய் இல்லைம்மா, உடம்பு சரியில்லாதபோது தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது" என்றார். தேறி வரும்போது டிஎஸ்எச் 9க்கு ஏறியது, மறுபடி பயம். அதற்கும் மாத்திரை தரவில்லை. வீட்டுக்கு வந்து நன்றாகத் தேறிய பிறகு எடுத்தால் எல்லாம் நார்மல். பெரிய காய்ச்சலோ ஆபரேஷனோ நடக்கிற சமயத்தில், வலுவான சந்தேகம் இல்லாவிட்டால், இந்த டெஸ்டை எடுக்காமல் இருப்பதே நல்லது என்பது என் கட்சி.

* * *

நான் ஹாஷிமோட்டோ நோயாளி, உடம்பின் நோய் எதிர்ப்பு சக்தியே தைராய்டைத் தாக்கும் நோய். அதைக் காட்டும் டிபிஓ ஆன்டிபாடி நூற்றுக்கணக்கில், ஆரம்பத்தில் டிஎஸ்எச் 40க்கு மேல். என் பிரச்சினை தலைப்பின் பின்பாதி: மாத்திரை சாப்பிட்டு எண்கள் சரியான பிறகும் சோர்வு போகாதது.

முதல் கட்டத்தில் எண்களே சரியாகவில்லை. டிஎஸ்எச் ஒரு தடவை 3, அடுத்த தடவை 11. காலையில் தைராக்ஸினோடு இரும்புச் சத்து மாத்திரையையும் ஒரே வாயில் விழுங்கிக்கொண்டிருந்தேன். அதை யாரும் கேட்கவில்லை. இரும்பும் கால்சியமும் தைராக்ஸினைப் பிடித்து வைத்துக்கொள்ளும், 4 மணி நேர இடைவெளி வேண்டும். தைராக்ஸின் வெறும் வயிற்றில், தண்ணீரோடு மட்டும். காபிகூட அரை மணி, ஒரு மணி கழித்துத்தான். டோஸ் மாற்றினால் அடுத்த வாரமே டெஸ்டுக்கு ஓடுவதிலும் பிரயோஜனம் இல்லை. அந்த மருந்து உடம்பில் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 7 நாள் ஆகும், அளவு நிலைக்கு வர 6 வாரம் பிடிக்கும்.

இதெல்லாம் ஒழுங்கான பிறகு டிஎஸ்எச் 2க்கு வந்து நின்றது. தோலும் மலச்சிக்கலும் சரியானது. சோர்வும் மறதியும் அப்படியே. இங்கேதான் ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். "டிஎஸ்எச்சை 0.1க்கு இறக்கினால் தெம்பு வரும்" என்றார் ஒருவர். வந்தாலும், கூடவே இதயத் துடிப்பும் தாறுமாறாகலாம், எலும்பும் தேயும். டி3 மாத்திரையும் சேர்த்துச் சாப்பிட்டுப் பார்த்தேன். எனக்குப் படபடப்புதான் மிச்சம். சிலருக்கு அதில் உண்மையிலேயே தெம்பு வந்திருப்பதைப் பார்த்திருக்கிறேன், அதனால் ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். ஆனால் இதுவரை நடந்த ஆய்வுகள் பெரும்பாலும் டி4 மட்டும் சாப்பிடுவதைவிட அது மேல் என்று காட்டவில்லை.

கடைசியில் இரண்டு காரணம் கிடைத்தது. ஒன்று பி12. தைராய்டைத் தாக்கும் அதே மாதிரியான நோய் எதிர்ப்புக் கோளாறு வயிற்றிலும் இருந்து பி12 உறிஞ்சவிடாமல் செய்திருக்கிறது. ஊசி போட ஆரம்பித்ததும் மறதி குறைந்தது. இரண்டாவதைக் கண்டுபிடித்தவர் என் மனைவி: "ராத்திரி குறட்டை நடுவில் நின்று மூச்சே வரமாட்டேங்குது." தூக்கப் பரிசோதனையில் ஸ்லீப் அப்னியா. இப்போது முகமூடி மாட்டித் தூங்குகிறேன், பகலில் கண் சொக்குவது போய்விட்டது. தைராய்டு என்று ஒரு சீட்டு ஒட்டப்பட்டுவிட்டால் வருகிற எல்லாக் கஷ்டத்தையும் அதன் கணக்கில் எழுதுவது டாக்டர்களுக்கும் சுலபம், நமக்கும் சுலபம்.

* * *

எனக்கு வயது 72. டிஎஸ்எச் 6.5, ஃப்ரீ டி4 நார்மல். மாத்திரை கேட்டேன், டாக்டர் மறுத்துவிட்டார். 65 வயதுக்கு மேற்பட்டவர்களை வைத்து நடத்தி 2017ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், இப்படி லேசாக ஏறியவர்களுக்கு மாத்திரை கொடுத்தும் சோர்வு குறையவில்லையாம். சில மாதம் கழித்து எடுத்துப் பார்ப்போம் என்றார். 10ஐத் தாண்டினால் யோசிப்பாராம். பாதி மனதோடு சரி என்றிருக்கிறேன்.

* * *

முதலில் எழுதியவள்தான். தனியாக ஒரு தங்கை கேட்டிருந்தார்: ஃப்ரீ டி4 0.6, டிஎஸ்எச் 1.4, கையில் தைராக்ஸின் சீட்டு இருக்கிறது, இன்றே ஆரம்பிக்கலாமா என்று. நான் டாக்டர் இல்லைம்மா. ஆனால் இந்த இரண்டு எண்ணையும் சேர்த்துப் பார்த்தால், முதல் மாத்திரைக்கு முன் சீட்டு எழுதியவரிடமே ஒரு கேள்வி கேளுங்கள்: "காலைக் கார்டிசோல் எடுக்க வேண்டாமா?" தலைவலியோ பார்வையில் மாற்றமோ இருந்தால் அதையும் சொல்லுங்கள், பிட்யூட்டரியில் கட்டி இருந்தாலும் இப்படி வரும். ஸ்டீராய்டு மாத்திரை, ஊசி, மூட்டில் போட்டுக்கொண்ட ஊசி உட்பட எதையும் மறைக்காதீர்கள். அதுவும் டிஎஸ்எச்சை அமுக்கும். வாந்தி, மயக்கம் வருகிற மாதிரி இருந்தால் அப்பாயின்ட்மென்டுக்குக் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள்.