ஜனவரியில் அந்தமான்: தூண்டிலும் வேண்டும், ஆமையும் பார்க்க வேண்டும்

கேள்வி: சென்னையிலிருந்து நாங்கள் இருவர், 8 வயதுப் பையன், அப்புறம் அம்மா. பையனுக்கு மீன் பிடிக்க ஆசை, எனக்கு ஆமை முட்டையிடுவதைப் பார்க்க வேண்டும். 6 நாள் போதுமா?

பதில்: மாதம் சரி. ஆமைக்கு வடக்கே டிக்லிபூர் பக்கம் காலிபூர் கடற்கரைக்குப் போங்கள். ராத்திரி டார்ச்சை அணைத்துவிட்டு வனத்துறை ஆட்களின் பின்னால் சத்தமில்லாமல் நடக்க வேண்டும். நாங்கள் போனபோது தாய் ஆமை பின்துடுப்பால் மணலைக் கொஞ்சம் கொஞ்சமாக அள்ளி அள்ளிக் குழி தோண்டியது, என் மகள் மூச்சுவிடக்கூட மறந்து நின்றாள். ஆனால் போர்ட் பிளேரிலிருந்து (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) சாலையில் 300 கிலோமீட்டர் இருக்கும், ஜாரவா பழங்குடியினரின் காப்புக்காட்டுக்குள் வண்டிகளைச் சேர்த்து வரிசையாகக் கான்வாயில்தான் விடுவார்கள், அம்மா தாங்குவார்களா என்று பாருங்கள். அதற்கே 3 நாள் போய்விடும்.

பதில்: பெரிய பாறை மீன் பிடிக்கும் படகு பையனுக்கு வேண்டாம், அது இழுக்கிற இழுப்பில் பெரியவர்களுக்கே தோள் வலி எடுத்துவிடும். ஹேவ்லாக் தீவில் (இப்போது ஸ்வராஜ் த்வீப்) காலையில் சின்னப் படகில் கைத்தூண்டில் போடட்டும், பிடித்ததைத் திரும்பக் கடலில் விடுவதையும் அவனே செய்யட்டும். முதலை எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் மட்டும் தண்ணீரில் கால் வைக்க விடாதீர்கள்.

கேட்டவர்: ரொம்ப நன்றி அண்ணா. 8 நாளாக்கப் பார்க்கிறேன். ஜாலி பாய் தீவு?

பதில்: பவளப்பாறைக்காகவே போகலாம். திங்கட்கிழமை மூடியிருக்கும், பிளாஸ்டிக் பாட்டில் கொண்டுபோக விடமாட்டார்கள்.